கார் ஏ.சி.யும் கசிந்து போன வாயுவும்

கார் ஏ.சி.யில் குளிர் குறைந்துவிட்டது என்று ஒர்க் ஷாப்பில் போய்ச் சொன்னால் முதலில் காதில் விழுவது அநேகமாக "கேஸ் அடிக்கணும் சார்" என்பதுதான். வீட்டு ஃப்ரிட்ஜ் பத்து வருடம் கூட கேஸ் அடிக்காமல் ஓடுகிறதே, காருக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்து மூடப்பட்டிருக்கும். காரில் கம்ப்ரசரைச் சுற்றுவது என்ஜின். பெல்ட்டால் சுழலும் தண்டு ஒன்று வெளியிலிருந்து கம்ப்ரசருக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைகிற இடத்தில் ஒரு சீல். என்ஜின் அதிர்வதால் முழுக்க உலோகக் குழாயாக வைக்க முடியாது, நடுவில் ரப்பர் ஹோஸும் வேண்டும். சீல், ஹோஸ், இணைப்புகள் என்று எல்லா வழியிலும் வாயு கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். மாதக்கணக்கில் ஏ.சி. போடாமல் விட்டால் சீல் காய்ந்து இன்னும் கசியும். (குளிர் மாதங்களிலும் அவ்வப்போது சில நிமிடம் ஏ.சி.யை ஓட விடச் சொல்வது இதற்காகத்தான்.)

ஹீட்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. என்ஜினைச் சுற்றி வரும் சூடான தண்ணீரை ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாக விட்டு, அதன் மேல் காற்றை ஊதினால் போதும். அமெரிக்காவில் நாஷ் கம்பெனி 1938-லேயே இதை நன்றாகச் செய்து காட்டியது. கார் கம்பெனியான நாஷும் ஃப்ரிட்ஜ் கம்பெனியான கெல்வினேட்டரும் 1937-ல் ஒன்றாக இணைந்திருந்தன என்பது கூடுதல் சுவாரசியம். ஹீட்டர் சூடு தரவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக் கொண்டிருக்கும்.

குளிர்விப்பதுதான் கஷ்டம். 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் பேக்கார்ட் கம்பெனி ஏ.சி. வைத்த காரைக் காட்டியது. அதற்குத் தனி விலை 274 டாலர். கம்ப்ரசர் முன்னால், குளிர்ப்பெட்டி பின்னால் டிக்கியில். நடுவில் கார் நீளத்துக்குக் குழாய்கள். கிளட்ச் கிடையாது, என்ஜின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடும். குளிர் வேண்டாம் என்றால்? என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1941-க்குப் பிறகு பேக்கார்ட் இதைக் கைவிட்டதில் ஆச்சரியம் இல்லை. 1953-ல் கிறைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மறுபடி முயன்றன. 1954-ல் நாஷ், ஹீட்டரையும் ஏ.சி.யையும் ஒரே அமைப்பாக்கிக் காரின் முன்பக்கத்திலேயே அடக்கியது. கம்ப்ரசருக்கு மின்காந்தக் கிளட்ச்சும் வைத்தது. இன்றைய கார் ஏ.சி.யின் அப்பா அதுதான். 1969-ல் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் ஏ.சி. இருந்தது.

இவை எல்லாவற்றிலும் ஓடிய வாயு ஆர்-12. தாமஸ் மிட்க்லி குழுவின் கண்டுபிடிப்பு. (பெட்ரோலில் ஈயம் கலந்த புண்ணியவானும் இவரேதான்!) அதற்கு முன் ஃப்ரிட்ஜ்களில் இருந்த சல்ஃபர் டை ஆக்ஸைடு, அம்மோனியா எல்லாம் கசிந்தால் மூச்சை அடைக்கும். ஆர்-12 விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. 1930-ல் மிட்க்லி அதை மேடையிலேயே மூச்சில் இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார்.

வில்லங்கமே அங்கேதான். ஆபத்து இல்லை, விலையும் சொற்பம் என்றால் கசிவை யார் ஒரு பழுதாக நினைப்பார்கள்? மெக்கானிக் குழாயில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே பார்ப்பார். நுரை தெரிந்தால் வாயு குறைவு, ஒரு டப்பா ஏற்று! கசிவைத் தேட ஹாலைடு விளக்கு இருந்தது, கசியும் இடத்தில் அதன் தீ பச்சையாக மாறும். ஆனால் தேடிப் பிடித்துச் சரி செய்வதை விட நிரப்புவது மலிவு. பெரிய ரிப்பேர் என்றால் மீதி வாயுவையும் காற்றில் திறந்து விட்டுவிட்டுத்தான் வேலையே தொடங்கும்.

அப்படிப் போன வாயு எங்கே சேர்கிறது என்று கேட்டவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரோலண்டும் மொலினாவும். கீழே எதனோடும் சேராத ஆர்-12 மெதுவாக மேலேறி, புற ஊதாக் கதிரில் உடைந்து, அதிலுள்ள குளோரின் ஓசோனை அழிக்கும் என்று 1974-ல் எழுதினார்கள். தொழில்துறை கடுமையாக எதிர்த்தது. 1978-ல் அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் இந்த வகை வாயுவைத் தடுத்தது, கார் ஏ.சி. மட்டும் தப்பியது. 1985-ல் அண்டார்டிகா மேல் ஓசோன் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ரோலண்ட், மொலினா இருவருக்கும் 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மெக்கானிக்கின் பழக்கத்தை மாற்றியதில் அறிவியலுக்கு இருந்த பங்கை விட வரிக்கு இருந்த பங்கு பெரிது என்றே தோன்றுகிறது. அமெரிக்கா 1990-ல் ஆர்-12 மீது பவுண்டுக்கு 1.37 டாலர் வரி போட்டது, 1995-ல் அது 5.35 டாலர் ஆனது. 1992 முதல் வாயுவைக் காற்றில் விடுவது குற்றம், சின்ன டப்பா வாங்கக்கூடச் சான்றிதழ் வேண்டும். விலை ஏறியதும் கடத்தலும் கூடவே வந்தது. மயாமி துறைமுகம் வழியாகத் திருட்டு ஆர்-12 இறங்கியது, சில நேரம் 'மறுசுழற்சி செய்தது' என்ற லேபிளோடு!

அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பழைய காரில் அப்படியே ஏற்ற முடியாது. பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது, அதனால் கம்ப்ரசருக்கு எண்ணெய் போய்ச் சேராது. மூலக்கூறு சிறியது என்பதால் பழைய ஹோஸ் வழியே இன்னும் எளிதாக நழுவும். ஆயில், சீல் எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. அதோடு, நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடை விடச் சுமார் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

ஆக, ஓசோன் பிரச்சினை தீர்ந்தும் கசிவுப் பிரச்சினை தீரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2017 முதல் அங்கே விற்கும் எந்தப் புதிய காரிலும் ஆர்-134ஏ கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் ஆர்-1234ஒய்எஃப்புக்கு மாறின, விலை அதிகம், லேசாகத் தீப்பிடிக்கவும் செய்யும். அதே சட்டத்தில் மெக்கானிக்குக்கும் ஒரு விதி உண்டு: காரிலிருந்து வழக்கத்துக்கு மீறி வாயு போயிருந்தால், கசிவைச் சரி செய்யாமல் திரும்ப கேஸ் அடிக்கக் கூடாது.