சாரம் கட்டிய கைகள்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்குக் குடியேறிய நகரின் முதற் காட்சியே ஒரு சாரமாக இருந்திருக்கும். இரயில் வண்டி நகரை நெருங்கும்போது, பாதி எழும்பிய மாடிகளும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் மூங்கிற் கழிகளும், கழிகளின் நடுவே செங்கல்லும் சாந்தும் சுமந்து ஏறும் ஆண்களும் பெண்களும் கண்ணிற் படுகின்றனர். ஓராண்டு கழித்து அதே வழியாகச் செல்கிறோம். கட்டடம் நிற்கிறது; சாரம் இல்லை. அதைக் கட்டியவர்களும் வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டார்கள்.

கட்டடக் கலையின் வரலாறு கட்டடங்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அவை எழுவதற்குத் தோள் கொடுத்துவிட்டுத் தான் இறங்கி மறைந்துவிடும் சாரத்தைப் பற்றி அது மிகக் குறைவாகவே பேசுகிறது. ஆயினும் கட்டடத் தொழிலில் உயிர்க்கேடு விளைவிக்கும் காரணங்களுள் தலையாயது உயரத்திலிருந்து வீழ்தலே என்பதை உலகம் முழுதும் உணர்ந்திருக்கின்றனர். ஆகவே, சாரத்தின் வரலாறு என்பது, உயரத்தில் நின்று வேலை செய்யும் மனிதனின் உயிருக்குப் பொறுப்பு யாருடையது என்னும் கேள்வியின் வரலாறே ஆகும். அதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். நாம் சாரம் என்று கூறுவதைக் கன்னட நாட்டார் சாரவெ என்பர். இரு சொற்களுக்கும் உள்ள உறவு வெளிப்படை. தெலுங்கர் பரஞ்ஜா என்பர். மராத்தியர் பராஞ்சி என்பர். வங்காளத்தில் அது பாரா. இந்தி வழங்கும் நகரங்களில் பாட். அண்டை வீட்டில் வேலை நடக்கும்போது, சாரம் சாய்கிறது என்று ஒருவரை எச்சரிக்க வேண்டுமானால் அந்த ஊர்ச் சொல் நமக்கு வேண்டும். மொழி எதுவாயினும், சாரத்தின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றே.

அதன் உறுப்புகள் எளியவை. தரையில் ஊன்றி நிறுத்துவது நிலைக்கழி. நிலைக்கழிகளைச் சுவருக்கு இணையாகப் பிணைப்பது கிடைக்கழி. கிடைக்கழியிலிருந்து சுவரை நோக்கிச் செல்வது குறுக்குக்கழி. அதன்மீது பலகை பரப்பித்தான் கொத்தனார் நிற்கிறார். இவற்றோடு மூலைவாட்டில் சாய்த்துக் கட்டும் கழியும் உண்டு. வேண்டாத ஒன்றைப் போலத் தோன்றும் இந்தச் சாய்கழியே சாரம் முழுவதையும் ஒரு பக்கமாகச் சரியவிடாமல் காக்கிறது. நான்கு கழிகளால் ஆன சட்டம் ஒரு தள்ளலில் சாயும்; மூன்று கழிகளால் ஆன முக்கோணம் சாயாது. ஏட்டைத் தொடாத கைத்தொழிலாளரும் இந்த வடிவ நூல் உண்மையைத் தம் பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

செங்கற் சுவருக்கு ஒற்றைச் சாரம் போதும். குறுக்குக்கழியின் ஒரு முனையைச் சுவரில் விட்ட துளையிற் செருகி, மறுமுனையை வெளியே உள்ள கழியிற் கட்டுவார்கள். வேலை முடிந்ததும் துளையை அடைத்துவிடுவார்கள். பழைய கட்டடங்களின் சுவரில் வரிசை வரிசையாகச் சிறு குழிகளைக் கண்டால், அவை பெரும்பாலும் சாரம் விட்டுச் சென்ற தடங்களே எனலாம். கருங்கற் சுவரில் இவ்வாறு துளையிடுதல் அரிது. ஆகவே அங்கே சுவரைச் சாராமல் தானே நிற்கும் இரட்டைச் சாரம் வேண்டும். அதற்கு இரு மடங்கு கழியும் இரு மடங்கு உழைப்பும் வேண்டும்.

இதை மனத்திற் கொண்டு தஞ்சைப் பெரிய கோயிலை எண்ணிப் பார்ப்போம். 1010-ஆம் ஆண்டில் இராஜராஜ சோழன் நிறைவு செய்த அக்கோயிலின் விமானம் இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சிக்குக் கல் சென்றது எவ்வாறு? நகருக்கு வெளியே சில கல் தொலைவில் உள்ள சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாய்வாகச் சாரம் அமைத்துக் கற்களை ஏற்றினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. உச்சியில் உள்ளது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் மக்கள் வழக்கு. அது பல துண்டுகளை இணைத்து அமைத்தது என்பது ஆய்வாளர் கருத்து. கல்லை ஏற்றிய முறை பற்றியும் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும் ஒன்று நம் உள்ளத்தைத் தொடுகிறது. கோயிலைச் சமைத்த பெருந்தச்சனின் பெயரைக் கல்வெட்டு காத்துத் தந்திருக்கிறது. ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்களையும் அது காத்துத் தந்திருக்கிறது. சாரத்தில் ஏறி நின்றவர்களுக்கோ ஓர் ஊரின் பெயரே நினைவுச் சின்னமாக எஞ்சியது.

தெற்கிலிருந்து வடக்கே செல்வோம். 17-ஆம் நூற்றாண்டில் ஷாஜஹான் எழுப்பிய தாஜ்மஹாலைப் பற்றி, பிரெஞ்சு நாட்டு இரத்தின வணிகரான தவெர்னியே தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இருபதினாயிரம் பேர் 22 ஆண்டுகள் உழைத்தனர் என்றும், மரம் கிடைக்காமையால் சாரம் முழுவதையும் செங்கல்லாலேயே கட்ட நேர்ந்தது என்றும், அதற்கு ஆன செலவு மற்றெல்லாச் செலவையும் விஞ்சியது என்றும் தாம் கேட்டதை அவர் பதிவு செய்கிறார். அச்செங்கற் சாரத்தைப் பிரிக்க நெடுங்காலம் ஆகும் என்று அறிந்த மன்னர், பிரித்தவர் செங்கல்லை எடுத்துக் கொள்ளலாம் என்று ஆணையிட, ஊரார் ஒரே இரவில் அதைப் பிரித்துச் சென்றனர் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எதுவாயினும், சாரத்தின் செலவைக் கணக்கிட்டார்கள் என்பது அதில் தெரிகிறது. அதிலிருந்து வீழ்ந்தவர்களைக் கணக்கிட்டதாக அக்கதையிலும் இல்லை. அதே தாஜ்மஹாலின் குவிமாடத்தை 1942-இல் மூங்கிற் சாரம் சூழ்ந்து நின்றது. இரண்டாம் உலகப் போரில் வான்தாக்குதல் நேருமோ என்று அஞ்சி அமைத்த காப்பு அது. கட்டுவதற்கு மட்டுமன்றிக் காப்பதற்கும் சாரம் பயன்பட்டது.

மரபுவழிச் சாரம் முழுவதும் கைப்பழக்கத்தை நம்பியது. வடக்கிலும் கிழக்கிலும் மூங்கில். தமிழகக் கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் பரவிய சவுக்கு. கட்டுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு. எந்தக் கழி முற்றியது, எந்தக் கழி பூச்சி அரித்தது என்பதைத் தட்டிப் பார்த்தே கூறும் முதிய மேஸ்திரிகளை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அந்த அறிவு போற்றத் தக்கது. ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. மழையில் நனைந்து வெயிலிற் காய்ந்த முடிச்சு நெகிழ்வதைக் கீழே நிற்பவர் கண் காணாது. மேலும், வேலையை விரைவாக முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் நெருக்கும்போது, இந்தக் கழி ஆகாது என்று சொல்லும் உரிமை மேஸ்திரிக்கு இருந்ததில்லை. அறிவு ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்தன. பல விபத்துக்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்புக் குழாயும் அதைப் பிணைக்கும் உலோகப் பூட்டும் வந்தன. 1913-இல் இலண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனையின் முகப்பைப் புதுப்பித்தபோது கயிற்றுக்கு மாற்றான உலோகப் பிணைப்பு பெயர் பெற்றது. அது முதற்கொண்டு சாரம் அளந்து, கணக்கிட்டு, எழுதி வைத்து அமைக்கக் கூடிய ஒரு பொறியாக மாறியது. அளவு வந்த இடத்தில் விதியும் வந்தது. 1937-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டட வேலைப் பாதுகாப்புப் பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றிச் சாரம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை உலகுக்கு வகுத்துரைத்தது.

நம் நாட்டில் சட்டம் வேறு வழியாக வந்தது. 1923-இல் இயற்றிய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையில் ஊறுபட்டவருக்கும், இறந்தவர் குடும்பத்துக்கும் பணம் பெற வழி செய்தது. நல்ல சட்டமே; ஆனால் அது வீழ்ந்த பின்னர் வருவது. வீழாமற் காப்பதற்கு வேறொன்று வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் அணைகளும் ஆலைகளும் நகரங்களும் எழுந்த காலத்தில், இந்தியத் தர நிறுவனம் 1960-களில் சாரத்துக்கும் ஏணிக்கும் பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டது. எனினும் நெறி என்பது அறிவுரை. மீறினால் கேட்பார் வேண்டும் அல்லவா?

கேட்பார் இல்லாத நிலையை நாடு 1982-இல் தெளிவாகக் கண்டது. அவ்வாண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அரங்கங்களும் மேம்பாலங்களும் விரைந்து எழுந்தன. இராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம், ஒரிசா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே உழைத்தனர். நாட்கூலி ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் சேர்த்த ஜமேதார் எடுத்துக் கொண்டார். பெண்களுக்குக் கிடைத்தது ஏழு ரூபாயே. மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் இதனைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதமாக எழுதிற்று. கோர்ட்டு அக்கடிதத்தையே வழக்காக ஏற்றது. குறைந்தபட்சக் கூலியைக் கொடாமல் வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும், கட்டட வேலை ஆபத்தான வேலையாதலால் பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை அதில் அமர்த்தலாகாது என்றும் தீர்ப்பு வந்தது. சாரத்தின் மேல் நிற்பவன் ஆபத்தில் நிற்கிறான் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அரசியற் சட்டத்தின் சொல்லால் உரைத்தது அன்றுதான்.

அதன் பின்னர், கட்டடத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்னும் இயக்கம் 1980-களில் வலுப் பெற்றது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதற்குத் தலைமை தாங்கினார். 1994-இல் தமிழகத்தில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் ஏற்பட்டது. 1996-இல் பாராளுமன்றம் நாடு முழுமைக்கும் ஆன சட்டத்தை இயற்றியது. 1998-இல் மத்திய விதிகள் வந்தன. பொறுப்புடைய ஒருவரின் மேற்பார்வையிலன்றிச் சாரத்தைக் கட்டவோ மாற்றவோ பிரிக்கவோ கூடாது. பயன்படுத்துவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். புயலும் மழையும் கடந்த பின் மறுபடியும் சோதிக்க வேண்டும். மூங்கிலாயின் நல்ல நிலையிலும் கணு துருத்தாமலும் இருத்தல் வேண்டும் என்று அவை விதித்தன. முதிய மேஸ்திரி அறிந்திருந்தவையே இவை. புதுமை யாதெனில், அவருடைய அறிவுக்குச் சட்டத்தின் வலிமை சேர்ந்தது. இச்சட்டத்தையும் வேறு பலவற்றையும் ஒருங்கே தொகுத்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2020-இல் நிறைவேற்றியது; அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வந்துவிட்டது, பயன் வந்ததா? கட்டடச் செலவில் ஒரு பகுதியை வரியாகத் தண்டித் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பதும் 1996-இல் வந்த ஏற்பாடு. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு ஆராய்ந்தபோது, நாடெங்கும் திரட்டிய தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல் என்றும், செலவிட்டது ஏறத்தாழ 9,500 கோடியே என்றும் தெரிந்தது. மீதிப் பணம் கிடந்தது. அதற்கு உரியவர்கள் பதிவு ஏட்டில் இல்லை. ஊர் விட்டு ஊர் செல்பவனின் பெயர் எந்த ஊர் ஏட்டிலும் ஏறாமற் போவது எளிது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் ஏறாத பெயர் இன்று காகிதத்திலும் ஏறாமல் நிற்கலாமா?

இங்கேதான் நமக்கு ஒரு கடமை உண்டு. சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நம்மவர் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். பதினெட்டு முதல் அறுபது வயதுக்குட்பட்டு, கடந்த பன்னிரண்டு மாதங்களில் தொண்ணூறு நாட்களேனும் இத்தொழிலில் உழைத்தவர் பதிவு பெற உரியவர். அவ்வூர் மொழியும் எழுத்தும் அறிந்த நாம் அவர்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், அஃது அரை நாள் வேலை. ஒரு குடும்பத்துக்கு அது நெடுநாள் துணை.

இன்னொன்றும் உண்டு. மேற்கூறிய சட்டங்கள் பத்துப் பேரேனும் வேலை செய்யும் இடங்களையே நோக்கியவை. நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க மூவர் வருவர். மேல்மாடிக்குப் பூச்சு வேலை செய்ய நால்வர் வருவர். அங்கே மேற்பார்வையாளர் வருவதில்லை. அங்கே பொறுப்பு நம்முடையது. நிலைக்கழியின் அடியில் பலகை இட்டிருக்கிறதா, வெறும் மண்ணில் புதைகிறதா? சாய்கழி இருக்கிறதா? சாரத்தைக் கட்டடத்தோடு பிணைத்த கட்டை, பூச்சு வேலைக்கு இடையூறு என்று அவிழ்த்துவிட்டார்களா? பலகையின் ஓரத்தில் பிடிகம்பு உண்டா? ஒரே இடத்தில் செங்கல்லைக் குவித்திருக்கிறார்களா? இரவு பெய்த மழைக்குப் பின் யாரேனும் முடிச்சுகளைப் பார்த்தார்களா? இவற்றைக் கேட்பதற்குப் பொறியியற் கல்வி வேண்டுவதில்லை. கேட்ட பின், ஒரு நாள் தாமதம் ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லும் மனமே வேண்டும். அந்த ஒரு சொல், அறிவுள்ள மேஸ்திரிக்கு இல்லாதிருந்த அதிகாரத்தை அவருக்குத் தந்துவிடும்.

வேலை முடிந்து சாரம் இறங்கும் நாளில் அதில் ஏறியவர் அனைவரும் தரையில் நிற்க வேண்டும். கட்டடத்தின் சிறப்பை அதன் உயரத்தால் அளக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதைக் கட்டியவர்கள் நலமாக வீடு திரும்பினார்களா என்பதையும் சேர்த்து அளக்கும் வழக்கத்தை நாம் வாழும் ஊரில் நாமே தொடங்கி வைப்போம்.