வூட்ஸ்டாக் மேடையில் ஒரு செட்டிபாளையத்துக்காரர்

போன வாரம் பூரா எனக்குத் தூக்கம் கெட்டதுக்குக் காரணம் ‘வூட்ஸ்டாக்’. 1969-ல் நடந்த கச்சேரி, 1970-ல் வந்த படம். நான் பார்த்தது 2009-ல், 40-வது ஆண்டுக்காகச் சுத்தம் பண்ணி ப்ளூ-ரேயில் விட்ட பிரதி. 224 நிமிஷம். ஒரே மூச்சில் பார்க்க முடியாது, நாலு ராத்திரி ஆச்சு.

எல்லாரும் ஹெண்ட்ரிக்ஸுக்காகப் பார்ப்பாங்க. நான் பார்த்தது சாண்டானாவுக்காக. லத்தீன் ராக்னா என்னய்யான்னு கேக்கறவங்களுக்கு: ஒரு பக்கம் எலக்ட்ரிக் கிடார், ஆர்கன். இன்னொரு பக்கம் காங்கா, டிம்பாலேன்னு கியூபா வழி வந்த தோல் வாத்தியங்கள். நம்ம ஊர் ஜமாப் செட்டுக்கு நடுவுல ஒருத்தன் கிடாரோட நின்னு வாசிச்சா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

முதல்ல ஒரு விஷயம். வூட்ஸ்டாக் வூட்ஸ்டாக்கில் நடக்கவே இல்லை. நியூயார்க் மாநிலத்தில் பெத்தல்ங்கற ஊரில், மேக்ஸ் யாஸ்கர்ங்கறவரோட பால் பண்ணை நிலத்தில் நடந்தது. அதாவது மாட்டுக்காட்டுல. ஆகஸ்ட் 15 ஆரம்பிச்சு 18 காலை வரைக்கும் மழை, சேறு, நாலு லட்சம் ஜனம்.

சாண்டானா குழு மேடை ஏறினது 16-ந் தேதி மத்தியானம். அப்போ அவங்க முதல் ஆல்பமே கடைக்கு வரலை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பசங்க. பில் கிரஹாம்ங்கற கச்சேரி ஏற்பாட்டாளர், என் உதவி வேணும்னா இவங்களையும் மேடை ஏத்தணும்னு கட் அண்ட் ரைட்டா சொன்னதால கிடைச்ச இடம். கார்லோஸ் சாண்டானாவுக்கு வயசு 22, டிரம்மர் மைக்கேல் ஷ்ரீவுக்கு 20. மேடை ஏற இன்னும் நேரம் இருக்குன்னு நம்பி கார்லோஸ் போதை மருந்து எடுத்துக்கிட்டார், பார்த்தா உடனே கூப்பிட்டுட்டாங்க. கையில இருந்த கிடார் பாம்பு மாதிரி நெளிஞ்சதுன்னு பின்னாடி பேட்டிகள்ல அவரே சொல்லியிருக்கார். ‘சோல் சேக்ரிஃபைஸ்’ வாசிக்கும்போது அவர் முகம் கோணறதைப் பாருங்க, பாம்போட மல்லுக்கட்டறது தெரியும் :-)

இந்தப் பசங்களை உலகத்துக்குக் காட்டினது மேடையை விட படம்தான். இயக்குநர் மைக்கேல் வாட்லி. எடிட்டிங்கில் தெல்மா ஸ்கூன்மேக்கர், கூடவே அப்போ பெரிசாப் பேர் வாங்காத மார்ட்டின் ஸ்கார்செஸி. பல கேமராவில் எடுத்ததைத் திரையை ரெண்டா மூணாப் பிரிச்சு ஒரே நேரத்தில் ஓட விட்டாங்க. ஷ்ரீவோட டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் அதுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும். 1970 மார்ச்சில் படம் வந்தது. அதே வருஷம் ‘அப்ராக்சஸ்’ ஆல்பம் அமெரிக்காவில் முதல் இடம்.

எடுத்தது 16 எம்எம்மில். அதைத் தியேட்டருக்காகப் பெரிசாக்கினதால் படம் பூரா புள்ளி. 2009 பிரதியில் அழுக்கும் கீறலும் போயிருக்கு, புள்ளி இருக்கு. அது இருக்கணும். பழைய படத்தை டிஜிட்டல் பண்றேன்னு சொல்லி சிவாஜி முகத்தை மெழுகு பொம்மையாக்கற கொடுமையெல்லாம் இதுல இல்லை.

சரி, தலைப்புக்கு வர்றேன். இந்தக் கச்சேரியின் முதல் நாள், 15-ந் தேதி, அதே மேடையில் பேசினவர் கோயமுத்தூர்க்காரர். போத்தனூர் தாண்டி, இன்னிக்கு கரி மோட்டார் ரேஸ் டிராக் இருக்கே, அந்தச் செட்டிபாளையம். 1914-ல் பொறந்த ராமசாமிக் கவுண்டர். மனைவி இறந்தபிறகு ஆன்மிகம் பக்கம் திரும்பி, ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் 1949-ல் சன்னியாசம் வாங்கி, சுவாமி சச்சிதானந்தா ஆனார். 1950-கள்ல இலங்கையில் யோகா சொல்லிக் கொடுத்தார். 1966-ல் பீட்டர் மேக்ஸ்ங்கற ஓவியர் கூப்பிட்டு நியூயார்க் போனவர், அங்கேயே தங்கிட்டார்.

வாட்சப்பில் சுத்தற மாதிரி ‘வூட்ஸ்டாக்கைத் தொடங்கி வைத்த தமிழர்’னு சொல்றது முழுசா சரியில்லை. முதல்ல பாடினது ரிச்சி ஹேவன்ஸ். அடுத்துதான் சாமி. ரோடு பூரா காரு அடைச்சுக் கிடந்ததால் அவரை ஹெலிகாப்டரில் கொண்டு வந்தாங்க. அவர் பேசினதோட சாரம்: அமெரிக்கா பொருளைக் கொடுத்து உலகத்துக்கு உதவியாச்சு, இனி ஆன்மிகத்தாலும் உதவணும். ஒலிக்குப் பெரிய சக்தி உண்டு, போர்க்களத்தில் வெறியேத்தறதும் ஒலிதான், அமைதி தர்றதும் ஒலிதான். வியட்நாம் போர் நடந்துக்கிட்டிருந்த வருஷம், ராணுவத்துக்குக் கூப்பிட்டா போகவேண்டிய வயசுப் பசங்க முன்னாடி பேசினது இது. மந்திரம் சொல்லவும் வச்சார். சம்மணம் போட்ட சாமியாரை முதுகுப்பக்கம் இருந்து எடுத்த போட்டோ ஒண்ணு உண்டு. எதிர்ல கண்ணுக்கெட்டின தூரம் தலைகள். நம்ம ஆள்கள்ல வேற யார் முன்னாடி அப்படி ஒரு கூட்டம் உக்காந்ததுன்னு யோசிச்சா, அண்ணாவோட இறுதி ஊர்வலம்தான் ஞாபகம் வருது, அதே 1969.

சாண்டானா அடுத்த நாள்தான் வாசிச்சார். ஆனா கதை அத்தோட முடியலை. ஜான் கோல்ட்ரேனோட மனைவி, பியானோவும் ஹார்ப்பும் வாசிக்கற ஆலிஸ் கோல்ட்ரேன், இந்தச் செட்டிபாளையத்துச் சாமிக்குச் சிஷ்யை ஆனார். 1971-ல் அவர் போட்ட ஆல்பத்தோட பேரே ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. ஜாஸ் கேக்கறவங்க இன்னிக்கும் தலையில வச்சுக் கொண்டாடற ஆல்பம். 1972 வாக்கில் சாண்டானாவும் ஸ்ரீ சின்மாய்ங்கற வங்காளக் குருவிடம் போய் ‘தேவதீப்’னு பேர் வாங்கிட்டார். 1974-ல் ரெண்டு பேரும் சேர்ந்து ‘இல்யூமினேஷன்ஸ்’. போதையில் பாம்பு பார்த்தவர் அஞ்சே வருஷத்தில் ஹார்ப், வயலின் கூட்டத்துக்கு நடுவுல கண்ணை மூடி வாசிக்கறார். காங்காவை எதிர்பார்த்துக் கேக்காதீங்க. எனக்கு முதல் ரெண்டு தடவை பிடிக்கலை, மூணாவது தடவை பிடிச்சுப்போச்சு.

பெருமை மட்டும் பேசிட்டுப் போக மனசில்லை. 1991-ல் சிஷ்யைகள் சிலர் சாமி மேல் பாலியல் புகார் சொன்னாங்க. அவர் மறுத்தார். வழக்கு எதுவும் இல்லை. ஆலிஸ் கோல்ட்ரேன் ஆல்பத்தைக் கேக்கும்போது இதுவும் மனசுல வந்துட்டுப் போகுது, என்ன பண்றது.

2019-ல், 50-வது ஆண்டுக்கு, வூட்ஸ்டாக் ஒலிநாடாக்களைத் தேடிச் சுத்தம் பண்ணி 38 சிடியா விட்டாங்க. பாட்டு மட்டும் இல்லை, மேடை அறிவிப்புகளும் சேர்த்து 36 மணி நேரம். தொலைஞ்ச பசங்களுக்கு மைக்கில் சேதி சொன்னதுகூட இருக்கு. எங்க தாராபுரம் பக்கம் நோம்பிக்கு நோம்பி ஆர்கெஸ்ட்ரா வச்சு விஎச்எஸ்ஸில் எடுத்தாங்க. அந்த கேசட்டெல்லாம் பரண்ல பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு, போட்டுப் பார்க்க டெக்கும் கிடையாது.

சாமி 2002 ஆகஸ்ட் 19-ல் சென்னையில் காலமானார். அடக்கம் பண்ணினது அமெரிக்காவில், வர்ஜீனியாவில் அவர் உண்டாக்கின யோகாவில்லில். செட்டிபாளையம், பேரூர் பக்கத்து மக்கள் யாராவது இதைப் படிச்சா, வீட்டுப் பெரியவங்ககிட்ட ராமசாமிக் கவுண்டரைப் பத்திக் கேட்டுப் பாருங்களேன். சன்னியாசத்துக்கு முந்தின கதை ஏதாவது கிடைச்சா, எழுத நான் ரெடி.