கங்கைகொண்ட சோழபுரம்

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள ஊர். 11ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் முதலாம் இராசேந்திர சோழனால் (ஆட்சி: 1014–1044) உருவாக்கப்பட்டு, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கியது. கங்காபுரி, கங்காபுரம் என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. திருச்சிராப்பள்ளி–சிதம்பரம் நெடுஞ்சாலையில், ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்துள்ளது. பழைய வழிகாட்டி நூல்களில் இவ்வூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், 1995க்குப் பின் வந்தவற்றில் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருப்பதாகக் காணப்படும். அரியலூர் மாவட்டம் 2001இல் பிரிக்கப்பட்டு, மறு ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007இல் நிலையாகத் தனித்ததே இதற்குக் காரணம்.

இன்று இங்கு வருபவர்களில் பெரும்பாலோர் கங்கைகொண்ட சோழேச்சரம் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். தலைநகரின் எஞ்சிய அடையாளங்கள் கோயில் மதிலுக்கு வெளியே, சுற்றியுள்ள சிற்றூர்களில் சிதறிக் கிடக்கின்றன.

தோற்றம்

இராசேந்திரனின் படை ஏறத்தாழ 1022–23இல் வடக்கே சென்று, வங்கத்துப் பால மரபின் மகிபாலனை வென்று கங்கை நீருடன் திரும்பியது. மன்னன் கோதாவரிக் கரையில் படையை எதிர்கொண்டான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடுகளால் அறியப்படும் செய்தி. அந்த வெற்றியின் நினைவாக நகரும் கோயிலும் ஏரியும் எழுந்தன. நகர் எழுந்த ஆண்டைக் குறித்து ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை. பெரும்பாலோர் 1025ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சொல்கின்றனர். கோயிலின் குடமுழுக்கு அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியதாகலாம்.

அதுவரை தலைநகராக இருந்த வளமான தஞ்சையை விட்டு மன்னன் இங்கு ஏன் வந்தான் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. கொள்ளிடத்தின் வடகரை மேட்டு நிலம். வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மேலைச் சாளுக்கியர் மீதும் வேங்கி மீதும் படை செலுத்தும்போது ஆறுகளைக் கடக்கும் தொல்லையும் குறையும். தந்தையின் நகருக்கு நிகராகத் தனக்கென ஒரு நகர் வேண்டும் என்ற விருப்பமும் காரணமாகலாம் என்பர். இவற்றில் ஒன்றை மட்டும் முடிவான காரணமாகக் கொள்ளக் கல்வெட்டுச் சான்று இல்லை.

நகர அமைப்பு

நகரைப் பற்றி ஓரளவு விரிவாக அறிய முடிவது இராசேந்திரன் காலம் முதல் முதலாம் குலோத்துங்கன் காலம் வரையிலான நூறாண்டுகளுக்கே. அதற்கும் கல்வெட்டுகளே துணை. வியப்பு என்னவென்றால், கோயிலைக் கட்டிய இராசேந்திரனின் கல்வெட்டு எதுவும் அங்கு இல்லை. கிடைத்தவற்றுள் காலத்தால் முந்தியது அவன் மகன் வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக்குரிய (ஏறத்தாழ 1068) நீண்ட கல்வெட்டு. இராசேந்திரனே கோயிலை எடுப்பித்தான் என்பதற்கு, 1987இல் விழுப்புரம் பகுதியில் கிடைத்த எசாலம் செப்பேடுகள் சான்றாகின்றன.

கோயில் கல்வெட்டுகளில் அரண்மனைப் பகுதிகளின் பெயர்கள் வருகின்றன: சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை. அரசனின் இருக்கைக்கே மாவலி வாணாதிராசன் என்று பெயர். இராசேந்திர சோழன் மதில், உட்படை வீட்டு மதில் எனக் கோட்டைச் சுவர்கள். வேம்புகுடி வாயில் என ஒரு நுழைவாயில். மன்னர் பெயர் தாங்கிய பெருந்தெருக்கள். இவற்றோடு, யானை ஒன்று நடந்துபோனதை வைத்துப் பெயர்பெற்ற பெருந்தெரு ஒன்றும் உண்டு. அந்த யானை எது, எப்போது போனது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் மன்னர்களின் பட்டப்பெயர்கள் நிறைந்த அந்த வரிசையில், ஊர் மக்கள் தாமாக வைத்த பெயர் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நகரின் எல்லைகளை இன்றைய ஊர்ப்பெயர்களைக் கொண்டே ஓரளவு வரையலாம். கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில் மாளிகைமேடு, அரண்மனை இருந்த இடம் அதுவே என அகழாய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. அரண்மனையிலிருந்து பார்த்தால் கோயில் ஈசான மூலையில் வரும். உட்கோட்டை, கோட்டையின் உட்பகுதி. ஆயுதக்களம், படைக்கலங்கள் இருந்த இடம். மெய்க்காவல்புத்தூர், அரசனின் மெய்க்காவலர் குடியிருப்பு. சுண்ணாம்புக்குழியில் கட்டட வேலைக்கான சுண்ணாம்பு நீற்றப்பட்டிருக்க வேண்டும். பள்ளிவாடை, தொட்டிக்குளம் முதலிய பெயர்களுக்கும் ஊரார் இவ்வாறே விளக்கம் கூறுகின்றனர். எல்லா விளக்கங்களும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. சற்றுத் தள்ளி ஜெயங்கொண்டம், கடாரங்கொண்டான் என மன்னர் விருதுப்பெயர்களே ஊர்களாகியுள்ளன. பேருந்தின் பெயர்ப்பலகையிலும் ஊராட்சி அலுவலக முகப்பிலும் இந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டு செல்பவர், கலைந்துபோன நகரம் ஒன்றின் தெருக்களுக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

வெளியாரின் எழுத்திலும் நகர் இடம்பெற்றுள்ளது. காசுமீரத்துப் புலவர் பில்கணர் எழுதிய விக்கிரமாங்கதேவ சரிதத்தில், சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் இந்நகருக்கு வந்து, வீரராசேந்திரனுக்குப் பின் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றதாகக் கூறப்படுகிறது. சில மாதங்களிலேயே, 1070இல், அந்த அரியணை முதலாம் குலோத்துங்கனுக்கு வந்தது. இடையில் நடந்தது குறித்து வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். குலோத்துங்கன் காலத்துக் கலிங்கத்துப்பரணி நகரைக் கங்காபுரி என்கிறது. ஒன்பதாம் திருமுறையில் கருவூர்த்தேவரின் பதிகம் ஒன்று இக்கோயிலுக்கு உரியது.

சோழகங்கம்

நகருக்கு மேற்கே இராசேந்திரன் வெட்டிய பேரேரி. இப்போதைய பெயர் பொன்னேரி. கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இதைப் புகழ்கின்றன. வெற்றித்தூண் என்றால் கல்லில் நடுவதே மன்னர் மரபு. உழவனுக்குப் பயன்படும் நீர்நிலையை வெற்றித்தூணாக நட்ட செயல் இந்திய வரலாற்றில் அரிதானது.

1855இல் சென்னையில் வெளியான தென்னிந்திய விவரச்சுவடி ஒன்று இந்த ஏரியின் அழிந்த நிலையை விவரிக்கிறது. வடக்குத் தெற்காக 16 மைல் (ஏறத்தாழ 26 கி.மீ.) நீளக் கரை, உறுதியான மதகுகள், தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேற்பட்ட கால்வாய் ஒன்று, வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறியதொரு கால்வாய். படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்துவிட்டதாக அக்காலத்தில் அப்பகுதியில் வழங்கிய செய்தியையும் அது குறிக்கிறது. அப்படையினர் யாவர் என்பது உறுதிப்படவில்லை. இன்றுள்ள ஏரி பழையதன் ஒரு பகுதியே.

கோயில்

விமானத்தின் உயரம் நூலுக்கு நூல் சிறிது மாறுபட்டு, 53 முதல் 55 மீட்டர் வரை சொல்லப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் குறைவு. தஞ்சையில் 13 நிலைகள் நேர்க்கோட்டில் குறுகி மேலேறும். இங்கு 9 நிலைகள் மெல்ல உள்வளைந்து ஏறுகின்றன. தஞ்சையில் தந்தை எழுப்பிய விமானத்தை மிஞ்சக் கூடாது என்று மகன் உயரத்தைக் குறைத்தான் எனச் சொல்வதுண்டு. அது செவிவழிச் செய்தி. கருவறை இலிங்கம் ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். தமிழகத்தின் மிகப் பெரிய இலிங்கங்களுள் ஒன்று.

சிற்பங்களுள் தனித்து நின்று பார்க்க வேண்டியது வடக்குப் படிக்கட்டின் அருகிலுள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் உமையுடன் அமர்ந்திருக்கிறார். கீழே அடியார் சண்டேசர் கைகூப்பி, தலை சற்றே தாழ்த்தி அமர்ந்திருக்க, சிவனின் இரு கைகளும் அவர் தலையில் மலர் மாலையைச் சுற்றுகின்றன. மாலையின் ஒரு சுற்று தலையில் படிந்துவிட்டது; மறு முனை இன்னும் விரல்களில் இருக்கிறது. பக்கச் சுவர்களில் சிறு சிறு தொகுதிகளாகச் சண்டேசரின் கதை, பசுக்கள் உட்பட, செதுக்கப்பட்டுள்ளது. சி. சிவராமமூர்த்தி முதலிய கலை வரலாற்றாய்வாளர்கள், இறைவன் கையால் முடிசூடும் இராசேந்திரனையே சிற்பி மறைமுகமாகக் காட்டியிருக்கிறான் என்று கருதினர். சான்று கேட்டால் காட்ட முடியாது. ஆனால் சிற்பத்தின் எதிரே நிற்பவருக்கு அந்தக் கருத்தைத் தள்ளிவிடவும் மனம் வராது. காலையில் வருவோர் முதலில் இங்கு வருவது நல்லது. படிக்கட்டின் மறுபக்கத்தில் உள்ள கலைமகளும் இதே தரத்தது. தென்புறத்து நடராசர், அர்த்தநாரி ஆகியவற்றையும் விடுதலாகாது.

மண்டபத்தினுள் ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகத் தொகுதி உள்ளது. நடுவே மலர்ந்த தாமரை, அடியில் குதிரைகள் பூட்டிய தேர், சுற்றிலும் கோள்கள். இதன் பாணி சாளுக்கியருடையது, போரில் கிடைத்த பொருளாகலாம் என்பது ஒரு கருத்து.

வளாகத்தின் வடகிழக்கில் உள்ள சிங்கக் கிணற்றில், சுதையாலான சிங்கத்தின் உடல்வழியே நுழைந்து படியிறங்க வேண்டும். இராசேந்திரன் கங்கை நீரை இதில்தான் ஊற்றினான் என்று வழிகாட்டிகள் சொல்வர். கிணறு பழையதாகலாம். ஆனால் சிங்க வாயிலை உடையார்பாளையம் ஜமீன்தார் கட்டியதாக அங்குள்ள 19ஆம் நூற்றாண்டு எழுத்து கூறுகிறது. குழந்தைகள் இந்தச் சிங்கத்தை விட்டு நகர மாட்டார்கள். அதற்காகவாவது ஜமீன்தாருக்கு நன்றி சொல்லலாம்.

வீழ்ச்சி

1279இல் மூன்றாம் இராசேந்திரனுடன் சோழராட்சி முடிந்தது. பாண்டியர் நகரைத் தரைமட்டமாக்கினர் என்று பொதுவாக எழுதப்படுகிறது. அரண்மனை அழிந்து கோயில் மட்டும் நிற்பது இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆனால் பாண்டியர் கல்வெட்டுகளும் இக்கோயிலில் உள்ளன, வழிபாடு தொடர்ந்திருக்கிறது. செங்கல்லால் ஆன அரண்மனை கைவிடப்பட்டால் சில தலைமுறைகளில் தானே சரிந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விசயநகர, நாயக்கர் காலச் செய்திகள் மிகக் குறைவு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத காலத்தில் கோயில் மதில் கோட்டையாகப் பயன்பட்டது.

அணைக்கரையும் கோயில் கற்களும்

1836இல் ஆர்தர் காட்டன் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அதற்குக் கல் தேவைப்பட்டபோது சுற்றுமதில் ஏறத்தாழ முழுவதும் பிரிக்கப்பட்டது. சிற்பங்கள் பலவும் போயின. மேற்கூறிய 1855ஆம் ஆண்டுச் சுவடி இதை வெளிப்படையான வருத்தத்துடன் பதிவு செய்கிறது. ஊர் மக்கள் தடுத்தார்கள், தடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கு நிறைவேற்றப்படவில்லை. ஆட்சியாளரின் மொழியில் எழுதப்பட்ட நூலிலேயே இந்த ஏழை மக்களின் எதிர்ப்பு இடம்பெற்றுவிட்டது. அவர்கள் பெயர்கள்தான் அதில் இல்லை. கீழணை இன்றும் பாசனத்துக்கு நீர் தருகிறது. அணைக்கரைப் பாலத்தின் வழியே கும்பகோணத்திலிருந்து கோயிலுக்கு வருவோர் அந்த அணையைக் கடந்தே வருகின்றனர்.

பழைய தலைநகரங்கள் பலவற்றுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. ரோம் நகரின் கொலோசியத்திலிருந்து பல நூற்றாண்டுகள் கல் பெயர்த்துச் சென்று மாளிகைகளும் தேவாலயங்களும் கட்டினர். அங்கு கற்கள் அதே நகருக்குள் வேறு கட்டடங்களாக நிற்கின்றன. இங்கு ஆற்றுக்கு அடியில் உள்ளன.

ஆய்வுகள்

நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறு (1935–37) நகரின் பெயரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியது. 1970இல் இரா. நாகசாமி எழுதிய சிறு நூல் இன்றும் நல்ல வழிகாட்டி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980 முதல் மாளிகைமேட்டில் அகழ்ந்து, அரண்மனையின் தடித்த செங்கற் சுவர்களையும் தூண்களின் கல் அடித்தளங்களையும் வெளிக்கொணர்ந்தது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தத்தாலான பொருள்கள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கடல் கடந்து கடாரம் வரை கப்பல் அனுப்பிய இராசேந்திரன் வீட்டில் சீனக் கிண்ணத்தின் உடைசல் கிடப்பது, கல்வெட்டு மெய்க்கீர்த்திகளை விட நெருக்கமாக அந்த வாழ்க்கையைக் காட்டுகிறது. 2021 முதல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது.

பொதுமக்களிடம் இவ்வூரைக் கொண்டுசென்றதில் ஆய்வு நூல்களுக்கு இணையான பங்கு அகிலனின் வேங்கையின் மைந்தன் புதினத்துக்கு உண்டு (சாகித்திய அகாதெமி விருது, 1963).

விழாக்களும் அண்மைக் காலமும்

ஐப்பசி முழுநிலவன்று நடைபெறும் அன்னாபிடேகத்துக்கு 100 மூட்டை அரிசி சமைக்கப்படுகிறது. காலை தொடங்கிக் கூடை கூடையாகச் சோறு கொண்டுவந்து சாத்த, மாலைக்குள் 4 மீட்டர் இலிங்கம் முழுதும் மூடப்படும். இரவில் சோறு மக்களுக்கு வழங்கப்படும். ஒரு பகுதி ஏரி, குளங்களில் மீன்களுக்கு இடப்படும். இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரையும் அண்மை ஆண்டுகளில் அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

2004இல் யுனெசுகோ, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987இல் அளித்த உலக மரபுச் சின்னத் தகுதியைத் தாராசுரத்துக்கும் இக்கோயிலுக்கும் விரிவாக்கியது. 85 ஆண்டுகளுக்குப் பின் 2017 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. 2025 சூலை 27இல் பிரதமர் நரேந்திர மோடி இங்கு வந்து இராசேந்திரன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். அருங்காட்சியகம் ஒன்று அமைக்கத் தமிழ்நாடு அரசு திட்டமிட்டுள்ளது.

நேரம் உள்ளோர் கோயிலுக்குப் பின் மாளிகைமேட்டின் அகழாய்வுக் குழிகளையும் பொன்னேரிக் கரையையும் பார்த்து, மேற்கே பழுவேட்டரையர் தலைமையிடமான மேலப்பழுவூர், கீழையூர் கோயில்களையும் சேர்த்துக்கொள்வர். மாளிகைமேட்டுக்கு உட்கோட்டை வழியே சாலை உண்டு.