ரப்பர்க் கன்றும் பவளத் தொட்டியும்



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை பெரும்பாலும் நன்னீர் மீன்கள். ஆனால் கடல் நீரை நிரப்பி, கடல் மீனையும் அதனோடு உயிருள்ள பவளத்தையும் வீட்டுக் கூடத்திலேயே வைத்து வளர்ப்பவர்களும் உண்டு. நம் நாட்டுப் பட்டணங்களிலும் இன்று அத்தகைய தொட்டிகளைக் காணலாம். இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, தோட்டத்து மக்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. அந்தத் தொட்டிக்கு அடிப்படையான எண்ணமும், நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டிய ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வந்த வழியும் ஒரே கண்ணாடிப் புட்டியில் தொடங்குகின்றன.

லண்டன் மாநகரில் நத்தானியேல் வார்டு என்றொரு மருத்துவர் இருந்தார். செடி கொடிகள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஆலைப் புகை சூழ்ந்த அந்நகரில் அவர் நட்ட பெரணிச் செடிகள் கருகிப் போயின. 1829-ஆம் ஆண்டில் ஒரு கூட்டுப்புழு பட்டாம்பூச்சி இனத்து அந்தாக மாறுவதைப் பார்க்க விரும்பி, அதை ஈர மண்ணோடு ஒரு புட்டியிலிட்டு மூடி வைத்தார். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் ஈரம் ஆவியாகி மேலே சென்றது. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் மண்ணில் இறங்கியது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவை உயிரோடு இருந்தன. பிறகு மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்ததால் அழுகி மாண்டன. ஒழுங்காக மூடிய பெட்டிக்குள் ஒரு சிறு உலகம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதன் சமநிலை கெட்டால் அழிந்துபோகும். இவ்விரண்டையும் அந்தப் புட்டி காட்டிவிட்டது.

வார்டு மரச்சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டிகளைச் செய்வித்தார். 1833-இல் செடிகள் நிரம்பிய பெட்டிகள் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் பச்சை மாறாமல் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன் கடற்பயணத்தில் உப்புக் காற்றுப் பட்டுச் செடிகளில் பெரும்பாலானவை மடிந்துவிடும். இனி எந்த நாட்டுச் செடியையும் எந்த நாட்டுக்கும் கொண்டு செல்லலாம் என்று ஆயிற்று.

1876-இல் ஹென்ரி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ பூங்காவுக்குக் கொண்டு வந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் அதே ஆண்டில், 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1896-இல் நம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்ற சீனப் பெருமகனார் ரப்பரை நட்டார். இந்நாட்டில் வாணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் அவர் புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிட்டார்.

மரம் வந்தது, மரத்துக்குப் பின்னே ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி நம் முன்னோர் வந்தார்கள். வெளிச்சம் பட வேண்டும் என்பதற்காகச் செடிப் பெட்டிகளைக் கப்பலின் மேல்தளத்தில் வைப்பது வழக்கம். நம்மவரும் தளத்துப் பயணிகளாகத்தான் வந்தார்கள். ஆனால் செடிக்குக் கண்ணாடி இருந்தது. மனிதருக்கு அது இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

செடியைப் பெட்டியில் வாழ வைத்த மனிதன், கடலையும் அப்படி வாழ வைக்க முயன்றான். மனிதன் என்றேன், முதலில் முயன்று வென்றவர்களில் இருவர் பெண்கள். 1832-இல் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில், ழான் வீல்ப்ரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கண்ணாடித் தொட்டி செய்து, கணவாய் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரை அதில் வைத்து ஆராய்ந்தார். 1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி, டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள கற்பவளங்களை ஒரு ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தார்.

பவளம் என்பது கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். அவற்றுக்கும் மூச்சுக் காற்று வேண்டும். அந்நாளில் காற்றைச் செலுத்தும் மின்பொறி ஏது? அன்னா தின் ஒரு வழி கண்டார். திறந்த சன்னலுக்கு எதிரே நின்று, தொட்டி நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாம் தேநீர் ஆற்றுவது போலத்தான். அந்த வேலையைச் செய்தவள் அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார்கள். பாசி வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிட்டது. பவளம் அதைச் சுவாசித்தது. லண்டனில் கடற்பவளம் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. சரித்திரத்தில் அன்னா தின்னின் பெயர் நிற்கிறது. கை சலிக்க நீர் ஆற்றியவள் 'வேலைக்காரப் பெண்' என்ற அளவிலேயே நின்றுவிட்டாள்.

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் இந்தச் சமநிலையை விளக்கி எழுதினார். மீன், நீர்ச்செடி, அழுகலைத் தின்னும் நத்தை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நீர் கெடாது என்பது அவர் கண்ட முடிவு. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணை நின்ற பிலிப் ஹென்ரி காஸ் 1854-இல் எழுதிய நூலினால்தான் 'அக்குவேரியம்' என்ற சொல் உலகெங்கும் பரவியது. கடலுக்குத் தொலைவில் இருப்போருக்காகச் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார். சமையல் உப்போடு, பேதி உப்பு என்று நாம் அறிந்த எப்சம் உப்பும் வேறிரு உப்புகளும் அதில் சேர்ந்தன.

இந்தக் கலை தமிழகத்துக்கும் வந்தது. சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் கடல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. முதலில் அரசாங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து, 1919-இல் மீன்வளத் துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. நமக்கு அருகில், சிங்கப்பூரில், வான் கிளீஃப் என்ற டச்சுக்காரர் உயில் வழியே விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு 1955-இல் ஒரு மீன்காட்சியகம் எழுந்தது. அது 1991-இல் மூடப்பட்டு, 1998-இல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

இங்கெல்லாம் கடல்மீன் வாழ்ந்தது. ஆனால் வெப்பமண்டலக் கடலின் பவளப்பாறையை வீட்டுத் தொட்டியில் நீண்ட நாள் வாழ வைப்பது மட்டும் கைகூடாமல் இருந்தது. அதற்கு வழி காட்டியவர் ஐரோப்பியர் அல்லர். மலாக்கா நீரிணைக்கு அப்பால் இருக்கும் இந்தோனேசியாவின் ஜக்கார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் அவர். 1961-இல் தம் முறையை ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். அவர் தொட்டியில் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. நல்ல கடல்நீர், சூரிய வெளிச்சம், மெல்ல எழும் காற்றுக் குமிழி, இவற்றோடு கடலிலிருந்து எடுத்த 'உயிருள்ள கற்கள்'. அவ்வளவுதான்.

கல்லுக்கு ஏது உயிர்? பவளக்கல் துளை நிறைந்தது. அத்துளைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஷீட் போடும் தோட்டங்களில் இருந்தவர்களும், பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் நெடியை முகர்ந்தவர்களும் அதன் காரத்தை அறிவார்கள். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இது நடப்பதை 1890-ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் கண்டறிந்திருந்தார். லீ சின் எங் அந்த வேலையாட்களைக் கல்லோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். அன்று சன்னலோரத்தில் சிறுமி உழைத்தாள். இன்று கல்லுக்குள் கிருமி உழைக்கிறது.

பிறகு ஐரோப்பியரும் பல முறைகளைச் சேர்த்தனர். 1970-களில் சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ், தொட்டியில் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் பவளம் வளரும் என்று காட்டினார். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பின் தெளிநீர்தான். பவளம் தன் எலும்பைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. ஆகவே அதுதான் அதற்கு உணவு போல் ஆகிறது.

இன்று ஒருவர் இத்தகைய தொட்டியை அமைக்க வேண்டுமானால் இந்த வரலாறு முழுவதையும் தம் வீட்டில் மீண்டும் நடத்திப் பார்க்க வேண்டும். முதலில் இடம். 200 லிட்டர் நீரே 200 கிலோவுக்கு மேல் கனக்கும். கண்ணாடியும் கல்லும் தனி. உறுதியான தரையும் மேசையும் வேண்டும். அடுத்து உப்பு. 1,000 பங்கு நீரில் சுமார் 35 பங்கு உப்பு இருக்க வேண்டும். பால் கொட்டகையில் மெட்ரோலாக்கை மிதக்க விட்டுப் பாலின் அடர்த்தியைப் பார்ப்பார்களே, அதே தத்துவத்தில் அமைந்த மிதவைக் கருவியால் உப்பின் அளவையும் பார்க்கலாம். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகையால் குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் உண்டு. அதை நீக்காமல் ஊற்றினால் உயிர்கள் மடியும். நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் 30 பாகைக்கு மேல் ஏறாமல் காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். கல்லையும் நீரையும் இட்ட பிறகு, நுண்ணுயிர் பெருகும்வரை பல வாரங்கள் மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். முதல் நாளே மீனை விடுபவர், கன்று நட்ட மறுநாளே பால் வெட்டப் போனவரைப் போன்றவர்.

நேயர்களே, இந்தக் கலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1960-களில் பிலிப்பைன்ஸ் கடலில் அலங்கார மீன்களைப் பிடிக்கச் சயனைடு நஞ்சைத் தெளிக்கும் வழக்கம் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவியது. மயங்கிய மீன் தொலைநாட்டுத் தொட்டிக்குப் போனது; நஞ்சு பட்ட பவளம் கடலிலேயே செத்தது. மூழ்கிப் பிடித்தவன் அந்த நாட்டு ஏழை. ஒரு தொட்டி அழகாக இருப்பதற்காக ஒரு பாறை பாழாவது சரித்திரமாகிவிட்டது. இன்று கற்பவளங்கள் நாடு விட்டு நாடு செல்ல அனைத்துலக ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு தேவை. கடலில் உடைக்காமல், தொட்டியிலேயே வளர்த்துக் கிளை நறுக்கிப் பெருக்கும் முறையும் வந்திருக்கிறது. தொட்டி வைக்க விரும்புவோர் அத்தகைய பவளத்தைக் கேட்டு வாங்குவதே நேர்மை.

பவளம் எங்கோ தூரத்தில் இருக்கும் பொருள் என்றும் எண்ண வேண்டாம். போர்ட்டிக்சனுக்கு அருகில் இருந்தாலும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த தஞ்சோங் துவான் முனையில், நம் கலங்கிய நீரிணையிலேயே, பவளப்பாறை இருக்கிறது. 2010-இல் கடல்நீர் வெப்பம் மிகுந்து நம் நாட்டுப் பவளங்கள் பல வெளுத்துப் போயின. சில முக்குளிப்பு இடங்களைக்கூட அரசாங்கம் தற்காலிகமாக மூட நேர்ந்தது. தொட்டிக்காரர் வெப்பமானியைப் பார்த்துக் குளிரூட்டலாம். கடலுக்கு அப்படி ஒரு பொறி இல்லை.

வார்டின் புட்டியிலிருந்து பவளத் தொட்டி வரைக்கும் இந்த வரலாறு ஒன்றைத்தான் சொல்கிறது. ஓர் உயிரை அதன் மண்ணிலிருந்தோ நீரிலிருந்தோ எடுத்து வேறிடத்தில் வைத்தால், அது தானாக வாழ்ந்துவிடாது. அதற்கு வேண்டியதை அறிந்து, நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஒரு கை வேண்டும். ரப்பர்க் கன்றுக்கு அந்தக் கவனம் கிடைத்தது. அதைத் தொடர்ந்து வந்த மனிதருக்கு அது எவ்வளவு கிடைத்தது என்பதை நம் குடும்பங்கள் அறியும். ஆகவேதான் இந்தக் கலையை நம் பிள்ளைகள் வேடிக்கையாக மட்டும் பார்க்கக் கூடாது என்கிறேன். அடுத்த முறை ஒரு பவளத் தொட்டியின் முன் நிற்கும்போது, "இது எங்கிருந்து வந்தது, யார் கொண்டு வந்தார், யார் பார்த்துக்கொள்கிறார்?" என்ற மூன்று கேள்விகளையும் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். தஞ்சோங் துவானுக்குப் போனால் பவளத்தை மிதிக்காமலும் ஒடிக்காமலும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.