பாடியவரைப் பாடிய மரபு

யாப்பிலக்கணத்தைப் பழுதறக் கற்றுவிட்டால் கவி தானே வரும் என்று எண்ணுவோர் உளர். எதுகையும் மோனையும் வரும். அதனை நாம் மறுக்கவில்லை. பாட்டு வருமா என்பதே வினா. இவ்வினாவிற்கு நம் சைவ உலகில் விடையாய் நிற்பது, திருத்தொண்டர் புராணம் பிறந்த வரலாறு.

அதன் வித்துத் திருவாரூரிலே ஊன்றப்பட்டது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்கு அருளிய திருத்தொண்டத்தொகை 11 பாடல்களே உடையது. அடியார்தம் பெயரும் பெருமையும் சுருங்கச் சொல்லி, அவர்க்கு அடியேன் என்று பணிந்து மேற்செல்வது அது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகள் அதனை 89 பாடல்களில் திருவந்தாதியாக வகுத்தருளினார். நம்பிகள் அத்துடன் அமைந்தாரல்லர். பதினோராந் திருமுறையிலுள்ள அவருடைய 10 நூல்களுள் 6 நூல்கள் திருஞானசம்பந்தப் பிள்ளையார் ஒருவர் மேலேயே பாடப்பெற்றவை. அந்தாதியாகவும், கலம்பகமாகவும், மும்மணிக்கோவையாகவும், உலாமாலையாகவும் பாடிப் பாடியும் அவருக்குத் தெவிட்டவில்லை! திருநாவுக்கரசர் மீதும் ஒரு நூல் உண்டு.

இவ்வழி வந்தவர் சேக்கிழார் பெருமான். குன்றத்தூரிற் பிறந்து, அநபாயன் எனப்பெற்ற இரண்டாங் குலோத்துங்க சோழனிடம் (கி.பி. 1133–1150) அமைச்சராய் வீற்றிருந்தவர். அரசரும் பிள்ளையாரும் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. இடையிலே ஏறத்தாழ 500 ஆண்டுகள். தொகையும் அந்தாதியும் தேவாரப் பதிகங்களும், தலந்தோறும் வழங்கிய செய்திகளுமே அவர்க்குத் துணை. பதிகத்தை ஓதும்போதெல்லாம், இதனைப் பாடியவர் எவ்விடத்தில், எந்நிலையில், யாரோடு நின்றார் என்று அப்பெருமான் உசாவினார். அவ்வுசாவலே காவியமாயிற்று.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததனைக் காண்போம். நாட்டிலே பஞ்சம். அடியார் பசி தீர்த்தற்பொருட்டு இறைவன் நாள்தோறும் பிள்ளையாருக்கு ஒரு காசும் அரசருக்கு ஒரு காசும் படியாக அளித்தருளுகின்றான். அரசர் திருமடத்தில் அமுது நேரத்தோடு நிறைவெய்துகின்றது. பிள்ளையார் மடத்திலோ காலந்தாழ்கின்றது. காரணம் வினவியபோது, நம் காசுக்கு வணிகர் வாசி, அதாவது வட்டம் கேட்கின்றனர், அரசர் காசுக்குக் கேட்பதில்லை என்று பணியாளர் விண்ணப்பித்தனர். அரசர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். ஆதலால் அவர் காசு வாசியின்றிச் சென்றது. பிள்ளையார் அதனை உணர்ந்து, வாசி தீரும்படி இறைவனைப் பாடி நல்ல காசு பெற்றார்.

ஞானப்பால் உண்ட பிள்ளையாரது காசிற் குறை இருந்தது என்று எழுத எவ்வளவு துணிவு வேண்டும்! பிள்ளை பாதி, புராணம் பாதி என்பர். 4286 பாடல்களுள் பிள்ளையார் புராணம் 1256. பாதியன்று, எனினும் வேறெந்த அடியார்க்கும் அத்துணை இடமில்லை. அத்துணைக் காதலுடைய சேக்கிழார் இந்நிகழ்ச்சியை மறைத்தாரல்லர். கவிஞனுடைய சொல் ஒருபுறம், கைத்தொண்டு ஒருபுறம். இரண்டும் ஒரு வீதியில் நிறுக்கப்பட்ட காட்சி இது. காவியச் சுவை வேண்டுவோர் பிற நூல்களுக்குச் செல்க, பெரியபுராணம் பத்திக்கே உரியது என்பாரும் உளர். அவர்கள் இப்பகுதியை நின்று ஓதினாரல்லர் என்றே நாம் எண்ணுகின்றோம்.

இவ்விருவரிடையே பொறாமை புகவில்லை என்பதும் சேக்கிழார் உளங்கொண்ட செய்தி. பாண்டிநாட்டினின்று மீண்ட பிள்ளையார் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளும்போது, முதியவராகிய அரசர் கூட்டத்திற் புகுந்து, தம்மை ஒருவரும் அறியாவண்ணம் சிவிகையைத் தோளில் தாங்கினார். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவ, தங்களைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்குற்றேன் என்று கீழிருந்து விடை வந்தது. பிள்ளையார் பதைத்துக் கீழே இறங்கித் தொழ, அரசரும் தொழுதார். புலவர்கள் ஒருவரையொருவர் வெல்ல முயன்ற கதைகள் நம் நாட்டிற் பல. சேக்கிழாரைப் பாடவைத்தது இத்தோள்.

பாடினாரைப் பாடும் வழக்கம் அவரோடு நிற்கவில்லை. சேக்கிழார் வரலாறே உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணமாயிற்று. பின்னர், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) சேக்கிழாரைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். அம்மகாவித்துவானுடைய வரலாற்றை, அவரிடம் பாடங்கேட்ட மாணவராகிய உ. வே. சாமிநாதையரவர்கள் உரைநடையில் இரண்டு பாகங்களாக எழுதி, 1933, 1934 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.