அட்டைக் கட்டிலிருந்து பிரவுசர் வரை: மெயின்ஃப்ரேமில் மென்பொருள் நிறுவிய கதை

நம் வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருளைப் போட என்ன செய்கிறோம்? 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'ஃபினிஷ்'. அவ்வளவுதான்! ஆனால் மெயின்ஃப்ரேமில் இது ஒரு தனித் தொழில். அதைச் செய்பவருக்கு சிஸ்டம்ஸ் புரோகிராமர் என்று பெயர். திண்டுக்கல் பக்கம் பொறியியல் முடித்துவிட்டு சென்னைக்கு வேலை தேடிப் போகிறவர்களில் சிலர் மெயின்ஃப்ரேம் புராஜெக்டில் போய் உட்காருகிறார்கள். அவர்களுக்காவது இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

1964 ஏப்ரல் 7-ல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதன் இயங்குதளமான ஓ.எஸ்./360-ஐ அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியாது. என்னென்ன டிஸ்க், எந்த பிரிண்டர், என்னென்ன வசதிகள் வேண்டும் என்பதையெல்லாம் துளை அட்டைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் கட்டத்தில் இயந்திரம் அதைப் படித்து, அடுத்து ஓட்ட வேண்டிய வேலைகளின் பட்டியலைத் தரும். இரண்டாம் கட்டத்தில் அவற்றை ஓட்டினால்தான் அந்த இடத்துக்கென்றே ஓர் இயங்குதளம் பிறக்கும். இதற்கு 'சிஸ்ஜென்' என்று பெயர்.

தமிழ்நாட்டில், 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்து சேர்ந்தது. அது 360-க்கு அடுத்த தலைமுறை இயந்திரம். அதே 1973-ல் வந்த ஃபெரா சட்டம், அந்நிய நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்றது. ஐ.பி.எம். உடன்படாமல் 1978-ல் நாட்டை விட்டே போய்விட்டது. இயந்திரங்கள் இங்கேயே நின்றன! அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. தயாரித்தவர் பக்கத்தில் இல்லாமலேயே நம் பொறியாளர்கள் அவற்றை ஓட்டினார்கள். கருவியை விட அதை அறிந்த ஆள்தான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இன்னொரு பக்கம், ஐ.பி.எம். எஸ்.எம்.பி. என்ற நிர்வாகக் கருவியைக் கொண்டுவந்தது. பிறகு அது எஸ்.எம்.பி./இ ஆக வளர்ந்தது. எந்தத் திருத்தம் எந்தத் திருத்தத்தை நம்பியிருக்கிறது என்று கணக்கு வைப்பதே இதன் வேலை. நான்கு சொற்களில் இதன் சாரத்தைச் சொல்லிவிடலாம். 'ரிசீவ்' என்றால் வந்ததை வாங்கி வைப்பது. 'அப்ளை' என்றால் ஓடுகிற நூலகத்தில் போட்டுப் பார்ப்பது. சரிப்படாவிட்டால் 'ரீஸ்டோர்' செய்து பழையபடி ஆக்கலாம். சரியாக இருந்தால் 'அக்செப்ட்'. அதற்குப் பிறகு 'ரீஸ்டோர்' செய்து பின்வாங்க முடியாது. எனவே அந்தக் கடைசிச் சொல்லை அவசரப்பட்டுத் தட்டக்கூடாது.

இதெல்லாம் பல ஆண்டுகள் பச்சைத் திரையிலும் ஜே.சி.எல். வரிகளிலுமே நடந்தது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறத் தொடங்கியதும் நிறுவனங்களுக்குக் கவலை வந்தது. 2009-ல் சி.ஏ. நிறுவனம், தன் மென்பொருள்களை பிரவுசர் வழியே நிறுவ 'மெயின்ஃப்ரேம் சாஃப்ட்வேர் மேனேஜர்' என்ற கருவியை வெளியிட்டது. ஐ.பி.எம்.மும் இசட்/ஓ.எஸ்.எம்.எஃப். என்ற வலைவழி நிர்வாகக் கருவியைக் கொண்டுவந்தது. 2018-ல் ஐ.பி.எம்., ராக்கெட், சி.ஏ. மூன்றும் சேர்ந்து 'ஸோவ்' என்ற திறமூலத் திட்டத்தைத் தொடங்கின. அதே ஆண்டு சி.ஏ.வை பிராட்காம் வாங்கியது. 2022 ஜனவரியோடு 'சர்வர்பேக்' தொகுப்பைப் பழைய பச்சைத் திரை முறையில் வாங்கும் வழியை ஐ.பி.எம். மூடிவிட்டது.

அப்படியானால் பழைய வித்தை தேவையில்லையா? அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. பிரவுசரில் நாம் ஒரு பொத்தானை அழுத்தும்போது, அடியில் ஓடுவது அதே எஸ்.எம்.பி./இ தான்! திரை மாறியிருக்கிறது, இயந்திரத்தின் தர்க்கம் மாறவில்லை.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பூட்டின் உள்ளே நெம்புகோல் எப்படி விழுகிறது என்று தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போனால், குறியீடு மட்டும் பூட்டுச் செய்யுமா? மெயின்ஃப்ரேமுக்கும் இதே கேள்விதான். புதிய கருவி, புதிதாக வருகிறவனுக்கு வாசலைத் திறந்து விடுகிறது. உள்ளே போனபின் அவன் அந்த நான்கு சொற்களையும் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், ஒரு நள்ளிரவில் திரையில் சிவப்பாகப் பிழைச்செய்தி வரும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஆளிருக்காது.