சீனரின் சிங்க ஆட்டம்: பெயரும் வினையும்

1. முன்னுரை

சீனப் புத்தாண்டின்போது சீனர் வாழும் நாடுகள் பலவற்றில் சிங்க ஆட்டம் நிகழ்கிறது. கொல்கத்தாவின் திரெட்டா பஜாரிலும் டாங்ராவிலும் வாழும் சீன மக்களிடையேயும், தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரிலும் இதனைக் காணலாம். இதனைக் குறிக்கத் தமிழில் 'சிங்க நடனம்' என்னும் தொடர் வழங்குகிறது. இது ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு ஆகும். சீனத் தொடரின் இலக்கண அமைப்போ வேறு. அவ்வமைப்பு இவ்வாட்டத்தின் வரலாற்றுக்கும் ஆடுவோர் பட்டறிவுக்கும் பொருந்தி நிற்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

2. கடன்பெற்ற சொல்

வரலாற்றுக் காலத்தில் சீனாவில் சிங்கம் இயற்கையாக வாழ்ந்ததில்லை. விலங்கும் அதன் பெயரும் மேற்கிலிருந்தே வந்தன. கி.பி. 87இலும் 101இலும் பார்த்திய நாட்டார் சீன அரசவைக்குச் சிங்கங்களை அனுப்பிய செய்தியைப் 'பிற்கால ஹான் வரலாறு' குறிப்பிடுகிறது. 'ஷிட்ஸு' என்னும் சொல்லின் மூலம் தொகாரிய மொழியா, ஈரானிய மொழியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது கடன்சொல் என்பதைப் பழைய எழுத்துமுறையே காட்டிவிடுகிறது. தொடக்கத்தில் இச்சொல்லை 'ஆசிரியர்' எனப் பொருள்படும் எழுத்தைக் கொண்டு எழுதினர். ஒலி ஒன்றே கருதிக் கொள்ளப்பட்ட எழுத்து அது. விலங்கைக் குறிக்கும் உறுப்பு அதனோடு பின்னரே சேர்க்கப்பட்டது.

எனவே சீனப் பொதுமக்கள் அறிந்த சிங்கம் உயிருள்ள விலங்கன்று. சிலையாகவும் பௌத்தச் சின்னமாகவும் ஆட்டமாகவுமே அவர்கள் அதனை அறிந்திருந்தனர்.

3. பழஞ்சான்றுகள்

ஹான் அவையில் 'உருவ மாந்தர்' எனப்பட்ட கலைஞர் இருந்தனர். இவர்களைப் பற்றி உரை எழுதிய கி.பி. 3ஆம் நூற்றாண்டினரான மெங் காங், தம் காலத்தில் இறால், மீன், சிங்கம் ஆகியவற்றை ஆட்டிக் காட்டுவோரை ஒத்தவர் என விளக்கம் தருகிறார். இங்கு சிங்கம் செயப்படுபொருளாக நிற்றல் நோக்கத்தக்கது. கி.பி. 547 அளவில் லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய யாங் ஷுவான்ஷி, புத்தர் திருவுருவ ஊர்வலத்தின் முன்னே சிங்க உருவங்கள் சென்றதைக் குறிப்பிடுகிறார்.

விரிவான சான்று தாங் அரச மரபினதாகும். கி.பி. 945இல் தொகுத்து முடிக்கப்பெற்ற 'பழைய தாங் வரலாறு', ஐந்து திசைகளுக்குரிய ஐந்து நிறங்களில் ஐந்து சிங்கங்கள் ஆடியதையும், 140 பேர் உடன் பாடியதையும் கூறுகிறது. மயிரைக் கோத்துச் செய்த உருவினுள் மனிதர் இருந்தனர். இருவர் கயிறும் சாமரமும் ஏந்திச் சிங்கத்தைப் பழக்கி ஆட்டுவதுபோல் நடித்தனர். சிங்கம் இந்தியாவிலும் 'சிங்க நாடு' முதலியவற்றிலும் தோன்றும் விலங்கு என்றும் அந்நூல் கூறுகிறது. 'சிங்க நாடு' என்பது இலங்கைக்குச் சீனர் இட்ட பெயர். 'சிம்ஹள' என்னும் பெயரின் பொருள்பெயர்ப்பு. இலங்கையிலும் வரலாற்றுக் காலத்தில் சிங்கம் வாழ்ந்ததில்லை. பெயரின் மொழிபெயர்ப்பே விலங்கியல் செய்தியாக மாறிவிட்டது எனக் கருத இடமுண்டு.

4. தொடரமைப்பு

இன்றைய சீனப் பேச்சுவழக்கில் இவ்வாட்டத்தின் பெயர் 'வூ ஷி' என்பதாகும். 'வூ' வினை, 'ஷி' அதன் செயப்படுபொருள். வாளைச் சுழற்றி ஆடுதலை 'வூ ஜியன்' என்பர். வாள் தானே ஆடுவதில்லை. ஏந்தியவரே அதனை ஆட்டுகிறார். சிங்கத்திற்கும் இது பொருந்தும். 2006இல் சீன அரசு வெளியிட்ட மரபுக்கலைப் பட்டியலிலோ 'ஷி வூ' என்னும் பெயர் இடம்பெற்றது. இதில் 'சிங்கம்' அடையாக முன்வர, 'ஆட்டம்' தலைமைப் பெயராகப் பின்வருகிறது. பட்டியலுக்குரிய பெயராக்கத்தில் ஆட்டுபவர் மறைந்துவிடுகிறார்.

தமிழில் 'ஆடு' தன்வினை, 'ஆட்டு' பிறவினை. பாம்பாட்டி, குரங்காட்டி ஆகிய சொற்கள் பின்னதன்வழி வந்தவை. 'வூ ஷி' என்பதற்கு நெருங்கிய தமிழ்த்தொடர் 'சிங்கமாட்டுதல்' என்பதே.

5. ஆட்டுவோர் பட்டறிவு

தென்சீன மரபில் ஒரு சிங்கத்தை இருவர் ஆட்டுவர். மூங்கிற் சட்டமும் தாளும் கொண்டு செய்த தலையை ஒருவர் ஏந்துவார். வாய், கண்ணிமை, காது ஆகியவற்றைக் கையாலும் கயிற்றாலும் அசைப்பார். அவருக்கு வெளியுலகம் தெரிவது பெரும்பாலும் சிங்கத்தின் வாய்வழியேதான். மற்றவர் துணிக்கடியில் குனிந்தே இருப்பார். அவர் காண்பன முன்னவரின் இடுப்பும் கால்களும் தரையும் மட்டுமே. முன்னவரின் இடைக்கச்சையைப் பற்றி அவரைத் தம் தொடைமேலும் தோள்மேலும் தூக்கி நிறுத்துவதும் இவர் பொறுப்பே. முரசு முழக்குபவர் தலையின் அசைவைக் கண்டு அடியை மாற்றுவார். தாளங்களும் சேகண்டியும் முரசைப் பின்பற்றும். பார்க்க இயலாத பின்னவருக்கு முன்னவரின் கருத்தைக் கச்சையின் இழுப்பும் முரசொலியும் உணர்த்துகின்றன.

கால்நிலைகள் தற்காப்புக் கலையிலிருந்து பெறப்பட்டவை. மலேசியாவில் வளர்ந்த உயர்கம்ப ஆட்டத்தில் இருவரும் கம்பத்துக்குக் கம்பம் தாவ வேண்டும். அங்கு ஒருவர் பிழை இருவரையும் வீழ்த்தும். ஐயம், அச்சம், சினம், மகிழ்ச்சி, உறக்கம் எனச் சிங்கத்திற்குரிய மெய்ப்பாடுகளைக் காட்டும்போது ஆட்டுபவர் முகம் எவருக்கும் தெரிவதில்லை. அவர்களுக்கு வழங்கும் பெயர்களும் 'சிங்கத்தலை', 'சிங்கவால்' என்னும் ஆகுபெயர்களே.

6. ஒலியொப்புமை

ஆட்டத்தின் நடுப்பகுதி 'பசுமை பறித்தல்' எனப்படும். வாயிலில் தொங்கவிட்ட லெட்டூஸ் கீரையைச் சிங்கம் ஐயுற்று நெருங்கி, அஞ்சிப் பின்வாங்கி, இறுதியில் கவ்வி, இலைகளை உதறும். கீரையோடு கட்டிய சிவப்பு உறையிலுள்ள பணம் ஆட்டக் குழுவினருக்குரியது. இக்கீரையின் காண்டனீஸ் பெயர் 'சாங் சோய்'. தொனி மாறினால் அது 'செல்வம் பெருகுதல்' எனப் பொருள்படும். பிற கீரையை விடுத்து இதனைத் தேர்ந்ததற்கு இவ்வொலியொப்புமையே காரணமாகக் காட்டப்படுகிறது.

குவாங்டோங் ஆட்டத்தின் பெயருக்கும் இத்தகைய விளக்கம் கூறப்படுகிறது. 'மங்கலச் சிங்கம்' என்னும் பழம்பெயர் காண்டனீஸில் 'உறங்கும் சிங்கம்' என்பதோடு ஒலியளவில் ஒன்றாகும். இரண்டும் 'சோய் சி'. 1899இல் லியாங் சீசாவ் சீனாவை உறங்கும் சிங்கமாக உருவகித்து எழுதினார். நாட்டு விழிப்பைப் பேசிய அக்காலச் சூழலில் இவ்வொலிப்பு விரும்பத்தகாததாகி, 'சிங் சி', அதாவது 'விழித்தெழுந்த சிங்கம்', என்னும் பெயர் நிலைத்தது என்பர். மாண்டரினில் அவ்விரு சொற்களும் 'ருய்', 'ஷுய்' என வேறுபடுவதால், இவ்விளக்கம் காண்டனீஸ் பேசுவோரிடையே மட்டுமே தோன்றியிருக்க முடியும். 'சிங் சி' என்பதிலுள்ள 'சிங்' விழித்தெழுதலைக் குறிப்பது. தமிழ்ச் 'சிங்க'த்தோடு அதனை இணைத்தல் பிழையாகும்.

7. முடிவுரை

மெங் காங்கின் உரை முதல் இன்றைய பேச்சுவழக்கு வரை சிங்கம் ஆட்டப்படுவதாகவே பேசப்படுகிறது. பார்ப்போர் கண்ணுக்குத் தெரியாத மனிதரை இலக்கணம் மறவாது காத்துவருகிறது. 'சிங்க நடனம்' என்னும் பெயர் அவர்களை மறைக்கிறது. பொம்மலாட்டத்தில் ஆடுவது பொம்மை, ஆட்டுபவர் மனிதர் என்பதைத் தமிழர் அறிவர். அவ்வாறே தன்வினை, பிறவினை ஆகிய இரண்டுக்கும் இடந்தரும் 'சிங்க ஆட்டம்' என்பதைப் பெயராகவும், ஆட்டுவோர் செயலைக் கூறுமிடத்துச் 'சிங்கமாட்டுதல்' என்பதை வினையாகவும் மொழிபெயர்ப்பாளர் கொள்ளுதல் பொருத்தமாகும்.